வாசலில் சுண்ணாம்புத் தொட்டி

ஜனவரி 27, செவ்வாய்

இந்த நோட்டு கால்நடை டாக்டர் பொற்கொடி கொடுத்தது. இன்று சமுதாயக்கூடத்தில், மலையில் பன்றி வளர்க்கும் ஐந்து வீட்டுக்காரர்களையும் உட்காரவைத்துப் பேசினார். எல்லைக்கு அந்தப் பக்கம் பன்றிக் காய்ச்சல் வந்திருக்கிறதாம். ஆப்பிரிக்கக் காய்ச்சல் என்கிறார்கள். தடுப்பூசி கிடையாது, மருந்து கிடையாது. வந்தால் பட்டியே காலி. மனிதருக்கு ஒட்டாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

"கொட்டகையில அடைச்சு வளக்கறவங்களே பயந்து கெடக்காங்க. நீங்க தோட்டத்துல மேயவிட்டு வளக்கறீங்க. இது காத்துல பறந்து வராது. காலோட வரும், வாயோட வரும். அத மட்டும் மறந்துடாதீங்க" என்றார்.

காட்டுப்பன்றி மூக்கை நீட்டாதபடி வேலி இரண்டாக இருக்கவேண்டும். வாசலில் சுண்ணாம்புத் தண்ணீர்த் தொட்டி வைத்து, கால் நனைத்துத்தான் உள்ளே போகவேண்டும். பட்டிக்குத் தனிச் செருப்பு. ஆண் பன்றியை இணை சேர்க்க இரவல் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. ஓட்டல் எச்சில் கூடாது, கறி கலந்த எதுவும் கூடாது. போட்டே தீரவேண்டுமென்றால் அரைமணி நேரம் கொதிக்க வைக்கவேண்டும்.

தினமும் மூன்று விஷயம் எழுதச் சொன்னார்: வந்தவர், தீவனம், உடல்நிலை. முதல் பக்கத்தில் பெயரும் கேட்டார். ரெஜினா, வயது ஐம்பத்து மூன்று, கணவர் ஞானப்பிரகாசம் (ஆறு வருடம் முன் காலமானார்), பன்றிகள் முப்பத்தொன்று. இவ்வளவு பெரிய நோட்டில் மூன்று வரி மட்டும் எழுத நான் என்ன ரேஷன் கடைக்காரியா? பேச ஆளில்லாத வீட்டில் பேப்பர் கிடைத்தால் விடமாட்டேன்.

ஜனவரி 30, வெள்ளி

வந்தவர்: யாருமில்லை.
தீவனம்: தவிடு, சௌசௌ, வாழைத்தண்டு, வீட்டுக் கழுநீர்.
உடல்நிலை: எல்லாம் நலம். சீமாட்டி சினையாக இருக்கிறாள், மார்ச் கடைசியில் குட்டி போடுவாள்.

பழைய சிமெண்டுத் தொட்டியை நானே தனியாக உருட்டிவந்து வாசலில் போட்டேன். இடுப்பு விட்டுப்போனது. சுண்ணாம்பு கரைத்து ஊற்றியதும் வாசலுக்கே ஒரு அதிகாரம் வந்த மாதிரி இருந்தது. பட்டிக்கென்று நீலச் செருப்பு எடுத்துவைத்துவிட்டேன்.

டாக்டரம்மா எச்சில் என்று சொன்னபோது எல்லோரும் அமலதாஸைத்தான் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அமலதாஸ் என் கொழுந்தன், வீட்டுக்காரரின் ஒரே தம்பி. பக்கத்துத் தோட்டம் அவனுடையது, பதினெட்டுப் பன்றி. டவுன் ஓட்டல்களிலிருந்து வாளி வாளியாக மிச்சத்தை வேனில் ஏற்றிவந்து போடுகிறவன். என் அடுக்களைக் கழுநீர் அந்தக் கணக்கில் வராது. அரிசி கழுவிய தண்ணீர், காய்த்தோல், மிஞ்சிய சோறு, அவ்வளவுதான். சொந்த வீட்டுச் சோற்றைக் கொதிக்கவைக்க நான் விறகுக்கு எங்கே போவேன்?

பிப்ரவரி 3, செவ்வாய்

வந்தவர்: தவிட்டு மூட்டைக்காரர். வாசலுக்கு வெளியே இறக்கிவைக்கச் சொன்னேன். முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும்.

பிப்ரவரி 6, வெள்ளி

வந்தவர்: அமலதாஸ். உள்ளே விடவில்லை.

எங்கள் ஆண் பன்றி துரையைக் கேட்டு வந்தான். தை மாசி பிறந்தால் துரை அவன் பட்டிக்குப் போய் நாலு நாள் விருந்தாடிவிட்டு வருவது வழக்கம்.

"மதினி, ரெண்டு பன்னி பருவத்துக்கு வந்து நிக்குது. துரைய அனுப்புங்க."

"டாக்டரம்மா சொன்னது காதுல விழலயா? தொட்டிக்கு அந்தப் பக்கமா நில்லு."

"அண்ணன் இருந்தப்ப நம்ம ரெண்டு பட்டிக்கும் ஒரே கதவுதான?"

"அண்ணன் இருந்தப்ப இந்தக் காய்ச்சல் இல்ல. மொதல்ல ஒன் ஓட்டல் வாளிய நிறுத்து. ஒன்னால எம் பட்டி அழிஞ்சா நான் சும்மா இருக்கமாட்டேன், சொல்லிட்டேன்."

ஏதோ சொல்ல வந்தான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். சொல்ல என்ன இருக்கிறது? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.

என் வீட்டுக்காரர் போன பிறகு, அழுதுகொண்டு கிடந்த என்னைச் சந்தைக்குக் கூட்டிப்போய் முதல் மூன்று குட்டிகளை வாங்கித் தந்தவன் இவன்தான். அதை நான் மறக்கவில்லை. ஆனால் நன்றி வேறு, காய்ச்சல் வேறு.

பிப்ரவரி 9, திங்கள்

வெளி வேலியோரம் காட்டுப்பன்றி மண்ணைக் கிளறியிருக்கிறது. குளம்புத் தடம் புதிது. இரண்டு வேலிக்கும் நடுவே ஆள் நடக்கிற இடைவெளி விட்டிருக்கிறேன், மூக்கு எட்டாது. இருந்தாலும் தடத்தின்மேல் இரண்டு சட்டி சுண்ணாம்பு கொட்டினேன். டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, இந்த மலையிலேயே நல்ல வேலி இதுதான் என்றார். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், சந்தோஷமாக இருந்தது.

பிப்ரவரி 12, வியாழன்

வந்தவர்: தங்கச்சி ஜெசிந்தா. கால் நனைத்தாள், குளித்தாள், என் சேலையைக் கட்டிக்கொண்டாள். பட்டிப் பக்கம் விடவே இல்லை.

"சொந்த அக்கா வீட்டுக்கு வர ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி இருக்கு" என்று கேலி செய்தாள். எல்லைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள், வருடத்துக்கு ஒருமுறைதான் வருவாள். பையிலிருந்து பெரிய பொட்டலத்தை எடுத்து வைத்தாள். பன்றி உப்புக்கண்டம். உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைத்தது. திறந்ததும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. நான் பன்றி வளர்க்கிறேனே தவிர, வளர்த்ததை வெட்டித் தின்ன மனம் வராது. பெயர் வைத்தவளால் முடியுமா?

"இவ்ளோ கறியா? யாரு வீட்டுப் பன்னி?"

"எங்க பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்ட அடிச்சு பங்கு போட்டாங்கக்கா. இந்த வருசம் எங்க பக்கம் கறி கொள்ள மலிவு. வாங்க ஆளில்ல."

நல்லதுக்குத்தான் என்றேன். அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

நாளை சாம்பல் புதன். தவக்காலம் நாற்பது நாளும் கறி தொடமாட்டேன், என் வீட்டில் கறி இருக்கவும் கூடாது. அம்மா காலத்திலிருந்து அப்படி. அதனால் இன்று உப்புக்கண்டத்தை ஊறவைத்து, மிளகு தட்டிப்போட்டு வறுத்தேன். அமலதாஸ் வீட்டுக்கும் ஒரு சட்டி, வேலிக்கு மேலாக அவன் பெண்டாட்டி செலினிடம் கொடுத்தேன். சண்டை சண்டைதான், பதார்த்தம் பதார்த்தம்தான்.

சாப்பிட்டு அடுக்களையைக் கழுவிவிட்டேன். மிச்சம் மீதி எதையும் வைக்கவில்லை, கழுநீர் வாளியோடு எல்லாம் போயிற்று. வீடும் சுத்தம், மனசும் சுத்தம்.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

வந்தவர்: யாருமில்லை. தீவனம்: வழக்கம்போல். உடல்நிலை: நலம். நெற்றியில் சாம்பலோடு பட்டிக்குப் போனேன். கலெக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கலெக்டர் என்பது எதையும் முகர்ந்து சோதிக்காமல் விடாத பெண் பன்றி.

பிப்ரவரி 23, திங்கள்

அமலதாஸின் வேனில் இன்றும் வாளிகள் வந்து இறங்கின. கண்ணால் பார்த்தேன். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லலாமா என்று யோசித்தேன். கொழுந்தனாயிற்றே என்று விட்டேன்.

பிப்ரவரி 26, வியாழன்

உடல்நிலை: சீமாட்டி காலையில் தொட்டிக்கு வரவில்லை. பலாமரத்தடியில் படுத்துக்கிடந்தாள். சினைச் சோர்வாக இருக்கும்.

பிப்ரவரி 27, வெள்ளி

சினைச் சோர்வு இல்லை. தொட்டால் உடம்பு சுடுகிறது. கலெக்டரும் எதையும் முகரவில்லை. இன்னும் மூன்று, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து படுத்திருக்கின்றன. குளிர் காலத்தில்தான் அப்படிப் படுக்கும். டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். குரல் மாறிவிட்டது அவருக்கு.

மார்ச் 1, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. சீமாட்டிக்குக் குறைக்குட்டிகள் விழுந்தன. ஒன்பது. ஒன்றுக்கும் உயிரில்லை. காதும் வயிறும் கன்றிச் சிவந்து நீலம் பாய்ந்திருக்கிறது. என் கையில் தவிட்டைக் காட்டினேன். மூக்கை மட்டும் அசைத்தாள், அதுவும் எனக்காக.

மார்ச் 2, திங்கள்

சீமாட்டி விடியற்காலையில் போய்விட்டாள். வீட்டுக்காரரைப் புதைத்தபோது அழுத மாதிரி அழுதேன். பன்றிக்கு இப்படி அழுகிறாளே என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

டாக்டரம்மா உடம்பு முழுக்கக் கவர் போட்டுக்கொண்டு வந்து ரத்தம் எடுத்தார். தூரத்து ஆய்வகத்துக்குப் போய் முடிவு வர ஒரு வாரம் ஆகுமாம். அதுவரை ஒரு பன்றியும் அசையக்கூடாது, யாரும் உள்ளே போகக்கூடாது.

"வெளிய இருந்து ஏதாவது தீவனம் வந்துச்சாம்மா? எச்சில், கறி, ஏதாவது?"

"இல்ல. எம் பட்டிக்குள்ள ஒரு ஈ கூட கால் நனைக்காம வரல" என்றேன்.

"அப்பறம் எப்படி?" என்று அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். நான் கிழக்கு வேலிப் பக்கம் பார்த்தேன். அவரும் பார்த்தார். அங்கே அமலதாஸின் வேன் நின்றது.

மார்ச் 5, வியாழன்

பதினொன்று போயின. கலெக்டர் இன்று மதியம். எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 8, ஞாயிறு

கோயில் வாசலில் என்னைச் சுற்றி எல்லோரும் நின்று விசாரித்தார்கள். மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் நின்றார்கள், முகத்தில் ரத்தமே இல்லை. ஆய்வக முடிவு உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் இருக்கிற எல்லாப் பன்றிகளையும் கொன்றுவிடுவார்களாம்.

"எப்படி வந்துச்சு மதினி?" என்று அமலதாஸே கேட்டான். அக்கறையாகத்தான் கேட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"என்னையக் கேக்கறியா? ஓட்டல் எச்சிலக் கொண்டாந்து கொட்டுனது யாரு? நான் தொட்டி கட்டுனேன், வேலி கட்டுனேன். ஒன் வாளிதான்டா எங்க எல்லார் வாயிலயும் மண்ணப் போட்டுச்சு!"

அவன் வாயைத் திறப்பதற்குள் மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். செலின் அழுதுகொண்டே அவனை இழுத்துப்போனாள். அவன் பதினெட்டில் ஒன்றுக்கும் இன்னும் காய்ச்சல் இல்லையாம். எச்சில் தின்று வளர்ந்த உடம்பு, தாங்குகிறது போலும்.

மார்ச் 9, திங்கள்

உறுதி.

மார்ச் 11, புதன்

காலை ஏழு மணிக்கு வண்டி வந்தது. வெள்ளை உடையில் எட்டுப் பேர். ஜேசிபி நேற்றே குழி தோண்டிவிட்டது, என் பட்டியில் ஒன்று, அமலதாஸ் தோட்டத்தில் ஒன்று, மற்ற மூன்று வீட்டுக்கும் சேர்த்துக் கீழே ஒன்று.

என்னிடம் மிச்சமிருந்தவை ஒன்பது. எழுந்து நிற்கக்கூட முடியாதவை, ஊசி போட்டதும் அடங்கிவிட்டன. துரை மட்டும் என் நீலச் செருப்புச் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினான். கூடவே உட்கார்ந்திருந்தேன். இருக்கக்கூடாது என்றார்கள். இருந்தேன்.

பிறகு அவர்கள் கிழக்கு வேலியைத் தாண்டிப் போனார்கள். அங்கேதான் சத்தம். அமலதாஸின் பன்றிகள் ஓடின. வாழைக்குள் புகுந்தன, ஒன்று கிணற்று மேட்டில் ஏறி நின்றது. நோயில்லாத பன்றி எப்படிக் கத்தும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. பத்து மணிவரை கேட்டது.

மார்ச் 12, வியாழன்

வந்தவர், தீவனம், உடல்நிலை என்று எழுதக் கை போகிறது.

மார்ச் 16, திங்கள்

டாக்டரம்மா வந்து உட்கார்ந்தார். இளைத்துப்போயிருக்கிறார்.

"அந்த நோட்டு குடுங்கம்மா. எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் அடுத்த ஊரக் காப்பாத்த முடியும். அமலதாஸ் பட்டியில கெடைச்ச எல்லாத்தையும் பரிசோதிச்சாச்சு, ஒன்னுமே இல்ல. கிருமி ஒங்க பட்டியிலதான் மொதல்ல வந்திருக்கு."

"நோட்டு மழையில நனைஞ்சு போச்சு டாக்டரம்மா."

மாசியிலிருந்து ஒரு தூறல்கூட இல்லை. அவர் வானத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். சரி என்று எழுந்துபோனார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. கொழுந்தனைத் திட்டி எழுதியதை வெளியாள் படிப்பது மரியாதை இல்லை, அதனால்தான் இருக்கும்.

மார்ச் 21, சனி

ஜெசிந்தா போன் செய்தாள். விஷயம் கேள்விப்பட்டு அழுதாள். நான் கேட்கவேண்டும் என்று நினைக்கவில்லை, வாய் கேட்டுவிட்டது.

"அந்த உப்புக்கண்டம் போட்ட பன்னிய ஏன்டி அடிச்சாங்க?"

"அது ரெண்டு நாளா தீனி எடுக்காம படுத்துக்கெடந்துச்சுக்கா. சாகறதுக்கு முன்னாடி அடிச்சா கறியாவது மிஞ்சும்ல? நல்லாத்தான இருந்துச்சு? ஒனக்கு ஒன்னும் ஆகலயே?"

"எனக்கு ஒன்னும் ஆகல."

"மிச்சத்த ஈஸ்டருக்குச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பலாம்னு இருக்கேன். அவங்களும் பன்னி வளக்கறவங்கதான், கறின்னா உசுரு."

"அனுப்பாத. யாருக்கும் அனுப்பாத. எரிச்சுப் போடு."

ஏன் ஏன் என்று கேட்டாள். சொல்லவில்லை. போனை வைத்த பிறகு கழுநீர் வாளியை எடுத்துப்போய்த் தேய்த்துக் கழுவினேன். பாசி பிடித்திருந்தது, அதனால்தான் இருக்கும்.

மார்ச் 25, புதன்

குழாயடியில் செலின். என்னைப் பார்த்ததும் குடத்தைத் தூக்கினாள். நான்தான் நிறுத்தினேன்.

"செலினு, அந்த வேன்ல வாளி வந்துச்சே, அது என்ன?"

"கோஸ் எலைக்கா. மார்க்கெட்டுல கழிக்கறது. டாக்டரம்மா கூட்டம் போட்ட மறுநாளே ஓட்டலுக்குப் போறத நிறுத்திட்டாரு. அத ஒங்ககிட்ட சொல்லத்தான் அன்னைக்கு துரைய கேக்கற சாக்குல வந்தாரு. நீங்க சொல்ல விடல."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ஆறு மாசத்துக்கு யாரும் பன்னி வளக்கக்கூடாதாம். அவரு டவுனுக்கு மூட்ட தூக்கப் போறாரு" என்றாள். அவனுக்கு முழங்கால் வலி உண்டு.

ஏப்ரல் 1, புதன்

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபம், புறணி, இரண்டு நாள் செபமாலை சொல்லாதது, எல்லாம் சொன்னேன். "வேற ஏதாவது இருக்காம்மா?" என்று சாமியார் கேட்டார். இல்லை என்றேன்.

இன்று ஒரு பக்கத்தைக் கிழிக்கலாம் என்று பிடித்தேன். நுனி மட்டும் கிழிந்தது. விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

சிலுவைப் பாதையில், நின்று நின்று செபிக்கும் பதினான்கு ஸ்தலங்களில், ஆறாம் ஸ்தலத்திலிருந்து ஏழாம் ஸ்தலம்வரை சிலுவை தூக்குவது எங்கள் குடும்பத்து முறை. மாமனார், பிறகு என் வீட்டுக்காரர், அவருக்குப் பிறகு அமலதாஸ். இன்று ஆறாம் ஸ்தலம் வந்ததும் அவன் வெறுங்காலோடு முன்னே வந்து தோளைக் கொடுத்தான். பன்றி இழந்த மூன்று வீட்டுக்காரர்களில் ஒருவர் கையை நீட்டி மறித்தார்.

"நீ வேணாம். ஊரையே தெருவுல நிறுத்துனவன் தோளு இதுக்கு ஆகாது."

அமலதாஸ் தலையைத் தூக்கி என்னைத்தான் பார்த்தான், அண்ணன் பெண்டாட்டி ஒரு வார்த்தை சொல்வாள் என்று. நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பின்னால் போய்க் கடைசி ஆளாக நடந்தான். வேறு யாரோ தூக்கினார்கள்.

நான் செய்தது எனக்குத் தெரியும். பிப்ரவரி இருபத்தாறாம் தேதி சீமாட்டி தொட்டிக்கு வராத அன்றே எங்கோ ஒரு மூலையில் தெரிந்திருந்தது. இத்தனை பக்கம் எழுதியதே அதை எழுதாமல் இருக்கத்தான்.

ஏப்ரல் 4, சனி

காலையில் நோட்டை எடுத்துக்கொண்டு அமலதாஸ் வீட்டுக்குப் போனேன். விறகு பிளந்துகொண்டிருந்தான். நீட்டினேன். என்ன என்று கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, கவிழ்த்துப்போட்டிருந்த தீவனத் தொட்டிமேல் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தான். மெதுவாகப் படிப்பான், உதடு அசையும். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவில்லை.

ஓரிடத்தில் நிறுத்தி உரக்க வாசித்தான்: "குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்." என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு பக்கத்தைத் திருப்பினான்.

பிப்ரவரி பதினேழில் மறுபடி நிறுத்தினான்.

"எல்லாம் போயிற்றுன்னு போட்டிருக்கீங்க. எல்லாம்னா என்ன மதினி?"

சொன்னேன். வாசலில் நின்ற செலின் கிட்டே வந்தாள்.

"நீங்க குடுத்த சட்டியக் கழுவுன தண்ணியக்கூட நான் வாழைக்குத்தானேக்கா ஊத்துனேன். கறி பட்ட தண்ணி பன்னிக்கு ஆகாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கன்னு இவருதான் வாழைக்கு ஊத்தச் சொன்னாரு."

அமலதாஸ் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என் பதினெட்டும் நல்லா இருந்துச்சு மதினி. ஊசி போட வந்த அன்னைக்கும் தவிடு கேட்டுக் கத்துச்சு. கொல்லத்தான் வந்திருக்காங்கன்னு தெரியாம வந்தவங்க கால மோந்து பாத்துச்சு."

"தாசு, நாளைக்கு ஈஸ்டர் பூசை முடிஞ்சதும் எல்லார் முன்னாடியும் நானே சொல்றேன். கோயில் வாசல்லதான சொன்னேன், அங்கயே சொல்றேன்."

"சொல்லுங்க."

மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. சொல்வான் என்று நானும் போகவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுத்தான்.

"இது டாக்டரம்மாகிட்ட போகட்டும். போறதுக்கு முன்னாடி அந்த நாள ஒழுங்கா எழுதுங்க. என்னப் பத்தி எழுதுனதெல்லாம் வெவரமா இருக்கு. அது மட்டும் மொட்டையா நிக்குது."

வீட்டு வாசலில் சுண்ணாம்புத் தொட்டி வற்றி வெடித்துக் கிடந்தது. பழக்கதோஷத்தில் காலை அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். உட்கார்ந்து எழுதுகிறேன்.

பிப்ரவரி 17, செவ்வாய் (திருத்தி எழுதியது)

மதியம் இரண்டு மணிக்கு உப்புக்கண்டத்தைப் பொட்டலத்திலிருந்து எடுத்தேன். உப்புப் போக மூன்று தண்ணீரில் ஊறவைத்தேன். மூன்று தண்ணீரையும் கழுநீர் வாளியில் ஊற்றினேன். வறுத்தது போக இரண்டு கை அளவு பச்சையாகவே மிஞ்சியது. பொட்டலத்தின் அடியில் தூளும் இருந்தது. நாளை தவக்காலம், வீட்டில் கறி இருக்கக்கூடாது என்று அதையும் வாளியில் போட்டேன். வெளியே எறிந்தால் நாய் இழுத்துவந்து வாசலில் போடும், குப்பையில் போட மனம் வரவில்லை. கறி கலந்தது கூடாது என்று டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. அது ஓட்டலுக்குச் சொன்னது என்று நினைத்துக்கொண்டேன். கொதிக்க வைக்கவில்லை.

நீலச் செருப்பைப் போட்டு, சுண்ணாம்புத் தொட்டியில் இரண்டு காலையும் நனைத்துக்கொண்டு, வாளியோடு பட்டிக்குள் போனேன். வாளிச் சத்தம் கேட்டு சீமாட்டிதான் முதலில் வந்தாள். சினைக்காரி என்று மற்றதுகளைத் தள்ளிவிட்டு அவளை முதலில் தின்னவிட்டேன். அப்புறம் கலெக்டர். தொட்டி காலியாகும்வரை நின்று பார்த்தேன்.

தீவனம்: தவிடு, சௌசௌ, கழுநீர், என் கையால் போட்ட நோய்ப் பன்றியின் கறி.
உடல்நிலை: முப்பத்தொன்றும் நலம். வேலிக்கு அந்தப் பக்கம் பதினெட்டும் நலம்.
வந்தவர்: யாருமில்லை.